இந்தியச் சரித்திரமும் நம் கடைப் பேரேடும்

(உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு பாடம்)



நம் சங்கத்து அன்பர் ஒருவர் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அது அவருடைய பாட்டனார் தொடங்கிய கடை. இடத்தைக் காலி செய்து அடுத்த தெருவுக்கு மாறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அங்கே சென்றிருந்தோம். மாடியறையிலிருந்து இறக்கிய பழைய சாமான்கள் வாசலில் குவிந்து கிடந்தன. ஓர் ஓரத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள் இருபதுக்குக் குறையாமல் அடுக்கப்பட்டிருந்தன. பழைய காகிதம் வாங்குகிறவரை எதிர்பார்த்துக் காத்திருந்தார் அன்பர்.

அவருடைய மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். சரித்திரப் பாடத்தில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை என்ற விதி 2013-ஆம் ஆண்டு முதல் இருந்து வருவதை நாம் அறிவோம். ஆகவே பையன் அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தான். திடீரென்று தலையை நிமிர்த்தி, "அத்தா, இந்தியாவைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. எதைப் படிச்சாலும் ராஜாவும் சண்டையும்தான் வருது. அந்தக் காலத்தில் நம்ம ஆளுங்க எங்கேதான் இருந்தாங்க?" என்று கேட்டான்.

"நம்ம ஆளுங்க கடையில் இருந்தாங்க. கடைக்காரனைப் பற்றி யாரப்பா எழுதப் போறாங்க?" என்றார் தந்தை, சிரித்துக்கொண்டே.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேரேடுகளை இன்னும் ஒரு மாதம் விற்காமல் வைத்திருக்கும்படி அன்பரைக் கேட்டுக்கொண்டு வந்தோம். ஏன் கேட்டோம் என்பதை விளக்கவே இப்பாடத்தை எழுதுகிறோம். இந்திய சரித்திரத்தை நமக்கு அறிவித்த சாட்சிகளில் பல வியாபாரி விட்டுச் சென்றவை. எடைக்கல், முத்திரை, கடன் சீட்டு, சுங்கக் கணக்கு, சங்கக் கல்வெட்டு ஆகியவை இல்லையேல் பல நூற்றாண்டுகள் நமக்கு இருட்டாகவே இருந்திருக்கும். தொடக்கத்திலிருந்து வரிசையாகக் காண்போம். மன்னர்களையும் ஆண்டுகளையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. தேர்வுக்கு அவை வேண்டும். ஒவ்வொரு காலத்திலும் வியாபாரியின் சாட்சி எங்கே இருக்கிறது என்பதையும் கூடவே பார்ப்போம்.

1. எடைக்கல் சொன்ன செய்தி

சிந்து வெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தது 1924-ஆம் ஆண்டில். அப்போது இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்தவர் சர் ஜான் மார்ஷல். ஹரப்பா, மொஹெஞ்சதாரோ என்னும் இரு நகரங்களும் இன்று பாகிஸ்தானில் உள்ளன. இந்நாகரிகம் செழித்திருந்த காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை.

அங்கே ஆண்ட மன்னன் யார்? பெயர் தெரியாது. எந்தப் போரில் எவர் வென்றார்? அதுவும் தெரியாது. ஆனால் அந்நகரத்துக் கடைக்காரர் எந்த எடையில் சரக்கை நிறுத்தார் என்பது நன்றாகத் தெரியும். பளபளப்பாகத் தேய்த்த கனசதுரக் கற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மிகச் சிறிய அளவை ஒன்று என்று கொண்டால் அடுத்தவை 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகின்றன. மிகுதியாகக் கிடைக்கும் 16-இன் கல் சுமார் 13.7 கிராம். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, குஜராத்தில் உள்ள லோத்தலில் கிடைத்த கற்களும் இதே முறையைச் சேர்ந்தவை. இத்தனை தூரத்துக்கு ஒரே நிறையளவு நின்றது என்றால், அங்கே ஓர் ஒழுங்கும் நம்பிக்கையும் இருந்திருக்க வேண்டுமன்றோ? இந்த ஒழுங்கைக் கல்லே நமக்குச் சொல்லிவிட்டது.

சிந்து வெளி முத்திரைகள் மெசொப்பொத்தாமியா நாட்டிலும், அதாவது இன்றைய இராக்கிலும், அகப்பட்டுள்ளன. மெலுஹா என்னும் தேசத்தின் கப்பல்கள் தம் துறையில் வந்து நிற்பதாக, கி.மு. 2300-ஐ ஒட்டி ஆண்ட அக்காது நாட்டு மன்னர் சர்கோன் பெருமையாகப் பொறித்து வைத்தார். மெலுஹா என்பது சிந்து வெளியே என்பது அறிஞர் பலரின் முடிவு.

ஒன்றை மட்டும் மாணவர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். அம்முத்திரைகளில் எழுத்து இருக்கிறது. ஆனால் அதை எல்லாரும் ஏற்கும்படி படித்துக் காட்டியவர் இன்றுவரை எவரும் இல்லை. எழுதியவர்கள் போய்விட்டார்கள், படிக்கத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். இதை இப்பாடத்தின் முடிவில் மீண்டும் நினைவுகூர்வோம்.

2. அசோகரும் மிளகும்

சிந்து வெளிக்குப் பின் வேதகாலம், கங்கைக் கரை அரசுகள், புத்தர், மகாவீரர் என்று சரித்திரம் நகர்கிறது. மௌரியப் பேரரசர் அசோகர் கி.மு. 268-ஐ ஒட்டிப் பட்டத்துக்கு வந்தார். கலிங்கப் போருக்குப் பின் மனம் மாறி, தம் கொள்கைகளைப் பாறைகளில் பொறிக்கச் செய்தார். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தம் ஆட்சிக்கு வெளியே இருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தமிழகம் அன்றே தனித்து நின்ற நாடு என்பதற்கு இது நல்ல சான்று.

மதுரைக்கு அருகே கீழடியில் 2014 முதல் அகழாய்வு நடந்து வருகிறது. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. அவ்வூரின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதாகத் தமிழக அரசின் தொல்லியல் துறை 2019-இல் அறிக்கை வெளியிட்டது. பானையில் பெயர் எழுதியவர் அரசர் அல்லர். அதைப் புழங்கியவர்.

கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் ரோமாபுரியோடு வாணிபம் ஓங்கியது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய மட்பாண்டங்களைக் கண்டார். எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில் ஒரு பெரிய தாழியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அவ்வூரிலும் குசேர் அல்காதிம் என்னும் துறையிலும் தமிழ்ப் பெயர் பொறித்த ஓடுகள் அகப்பட்டன.

இவற்றினும் அரிய சான்று ஒன்று ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரில் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள் அது. அதன் ஒரு பக்கத்தில் முசிறி வாணிபத்துக்கான கடன் ஒப்பந்தம். மறு பக்கத்தில் ஹெர்மாபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு. நளதம், தந்தம் முதலியவை அதில் உண்டு. அக்காலத்து ரோமானியச் சுங்கம் சரக்கு மதிப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து! கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு எடுக்கும் நம் அன்பர்கள் இதைப் படித்தால் சற்று ஆறுதல் அடைவார்கள்.

நாம் வாழும் இந்தத் தீபகற்பத்தின் வடபகுதியிலும் ஒரு சாட்சி உண்டு. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குவான் லுக் பட் என்னும் இடத்தில், பொன் உரைக்கும் கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று இருக்கிறது. காலம் மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு. கடல் கடந்து வந்த ஒரு தட்டார் தம் கருவியில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். அவ்வளவே. அந்த ஒரு சிறு செயலால் அவர் சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டார்.

3. செப்பேட்டில் அரபுக் கையொப்பம்

வடக்கே குப்தர் ஆட்சி ஏறத்தாழ 320 முதல் 550 வரை. ஹர்ஷர் 606 முதல் 647 வரை. தெற்கே பல்லவரும் பாண்டியரும், பின்னர் சோழரும் ஆண்டார்கள். இக்காலத்தில் வணிகர்கள் சங்கங்களாகக் கூடி வாழ்ந்தார்கள். மணிக்கிராமம், ஐந்நூற்றுவர், அஞ்சுவண்ணம் என்பன அவற்றின் பெயர்கள். தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டப்பட்ட குளம் ஒன்று மணிக்கிராமத்தார் காவலில் விடப்பட்டதைச் சொல்கிறது.

நம் சமுதாயத்து மாணவர்கள் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டியது 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேடு. வேணாட்டு மன்னர் அய்யனடிகள், மார் சபீர் ஈசோ என்பவர் கட்டிய கிறிஸ்தவ தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய பத்திரம் அது. அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் அதில் இடம் பெறுகின்றன. அதற்குச் சாட்சிக் கையொப்பம் இட்டவர்கள் யார்? கூஃபி அரபு எழுத்தில் முஸ்லிம்கள். பஹ்லவி எழுத்தில் பாரசீகர். எபிரேய எழுத்தில் யூதர். மன்னர் இந்து, தேவாலயம் கிறிஸ்தவருடையது, சாட்சிகளில் முஸ்லிம்களும் யூதர்களும்! இஸ்லாம் இந்தியாவுக்கு வாளோடு மட்டுமே வந்தது என்று எவரேனும் பேசினால், நம் பிள்ளைகள் கோபப்பட வேண்டுவதில்லை. இந்தச் செப்பேட்டைக் காட்டினால் போதும்.

சோழர் காலத்தில் இம்மண்ணோடு தொடர்பு இன்னும் நெருங்கியது. கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விஹாரை கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை 1006-ஐ ஒட்டி முதலாம் இராசராசர் கொடையாக அளித்தார். ஹாலந்து தேசத்துக்குக் கொண்டு செல்லப்பட்டதால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது இக்கொடைப் பத்திரமே. ஆனால் அவர் மகன் இராசேந்திரர் 1025-இல் கப்பற்படை அனுப்பி அதே கடாரத்தைத் தாக்கினார். கடாரம் என்பது நம் கெடா. இருபது ஆண்டுக்குள் நட்பு போராயிற்று. கடல் வாணிபத்தில் யார் கை ஓங்குவது என்பதே அதன் உட்காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

போருக்குப் பின்னும் வணிகர் நின்றுவிடவில்லை. 1088-இல் சுமாத்திராவின் பாரூஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் சங்கம் ஒரு தமிழ்க் கல்வெட்டு நிறுத்தியது. கப்பல் தலைவர்கள் சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை அதில் எழுதப்பட்டிருக்கிறது. சந்தாப் பாக்கி என்பது நம் சங்கத்தில் மட்டும் உள்ள விஷயமன்று என்று தெரிகிறது.

4. சுல்தான்களும் குதிரைகளும்

1206 முதல் 1526 வரை டில்லியில் சுல்தான்கள் ஆட்சி. அதே காலத்தில் தென்கோடியில் பாண்டியரின் காயல் துறைமுகம் செழித்திருந்தது. ஹொர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்ததைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். இதில் முன்னின்றவர்கள் அரபு வணிகர்கள். பாண்டியர் படைக்குக் குதிரை. அரபு வணிகருக்கு முத்து. டில்லிப் படை 1311-இல் மதுரைக்கு வருமுன்பே நம் கடற்கரை ஊர்களில் முஸ்லிம்கள் குடியும் குடித்தனமுமாக இருந்தார்கள்.

மதுரையில் 1335-ஐ ஒட்டி ஒரு சுல்தான் ஆட்சி தோன்றி, நாற்பது ஆண்டளவில் விஜயநகரத்தாரால் முடிவுற்றது. இப்னு பதூதா அங்கே வந்தார். அவர் மனைவியரில் ஒருவர் மதுரையின் முதல் சுல்தானுடைய மகள். ஆயினும் அப்போது ஆண்ட கியாசுத்தீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அவர் மறைக்காமல் எழுதிக் கண்டித்தார். உறவும் மார்க்கமும் ஒன்றாக இருந்தும் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. சரித்திரம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. நம்மவர் செய்தது என்பதற்காகத் தவற்றை மூடுவதும், பிறர் செய்தது என்பதற்காக நன்மையை மறைப்பதும் கள்ளத் தராசில் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

பாபர் 1526-இல் பானிப்பட்டில் வென்று மொகலாய ஆட்சியைத் தொடங்கினார். அக்பர் 1556 முதல் 1605 வரை. ஔரங்கசீப் 1707-இல் மறைந்தார். இதற்கிடையே மலாக்காவில் ஒரு மலாய் சுல்தான் அரசு எழுந்தது. அங்கே துறைமுகத்தைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்தியருக்கு என ஒருவர். சோழமண்டலக் கரை, வங்காளம் முதலிய இடத்தாருக்கு என மற்றொருவர். நம் முன்னோர் துணி மூட்டைகளோடு வந்து, வாசனைச் சரக்கோடு திரும்பினார்கள்.

5. கடற்சீட்டும் கம்பெனியும்

வாஸ்கோ ட காமா 1498-இல் கள்ளிக்கோட்டையில் இறங்கினார். 1511-இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைப் பிடித்தனர். அவர்களிடம் காசு கொடுத்துக் கடற்சீட்டு வாங்காத கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். அதுவரை எல்லாருக்கும் பொதுவாக இருந்த கடலுக்கு முதன்முறையாக லைசென்சு வந்தது. மலையாளக் கரையில் குஞ்ஞாலி மரக்காயர்கள் தலைமுறை தலைமுறையாக அவர்களை எதிர்த்துப் போரிட்டார்கள். நான்காம் குஞ்ஞாலி 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டின் கடைசி நாளில்தான் லண்டனில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசியின் பட்டயம் கிடைத்தது. 1639-இல் சென்னையில் இடம் வாங்கினார்கள். 1757-இல் பிளாசிப் போர். 1765-இல் வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமை. இதைக் கவனியுங்கள். அதற்குமுன் கம்பெனி வெள்ளி கொண்டுவந்து நம் துணியை வாங்கிற்று. திவானி கிடைத்த பின், வங்காளத்து மக்களிடம் வசூலித்த வரிப்பணத்திலேயே அவர்கள் சரக்கை வாங்கிற்று! எந்தக் கடைக்காரருக்கும் இக்கணக்கு ஒரு நிமிடத்தில் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத்துணி வந்து குவிந்தது. சோழமண்டலக் கரையின் தறிகள் நலிந்தன. 1857-இல் பெருங்கிளர்ச்சி. 1858-இல் கம்பெனி ஆட்சி போய் அரசியின் நேர் ஆட்சி வந்தது.

இவற்றுக்கும் நமக்கும் தொடர்பு என்ன? பினாங்கு 1786-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரைப் பக்கத்துச் சூலியா வணிகர்கள் அங்கே குடியேறினர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 வரை பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் கீழேயே இருந்தன. ஆகவே இந்திய சரித்திரத்தின் ஓர் அத்தியாயம் இங்கேயே நடந்தது என்பது மிகையன்று.

1796-இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, சிறுவயதில் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பிய செய்தியைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மலாக்காவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அக்கால வழக்கமாம். காரணம், கணக்கு வழக்குக்கும் வணிகரோடு பேசுவதற்கும் அம்மொழி வேண்டியிருந்தது. அன்று மலாக்காவில் தமிழ் கடைக்கணக்கின் மொழி!

6. விடுதலைக்குக் கப்பல் விட்டவர்

1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றியது. 1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் சுதேசி இயக்கம் மூண்டது. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்ச ரூபாய்க்கு, வாங்கினார். எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. அது கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, சுதேசிக் கப்பலை நசுக்கப் பார்த்தது. 1908-இல் வ.உ.சி. சிறை சென்றார். பின்னர்க் கம்பெனியும் மூடப்பட்டது.

அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் "ரஜூலா" கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அதன் வழி. நம்மில் பலருடைய பாட்டனார்களை இக்கரை சேர்த்தது அந்தக் கப்பலே. போர்ட் சுவெட்டன்ஹாம் 1901-இல் திறக்கப்பட்டது. 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. அங்கே இறங்கி ரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து, மஸ்ஜித் இந்தியா பக்கம் கடை திறந்த கதையை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்!

1930-இல் காந்தியடிகள் தண்டியிலும் இராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பெடுத்தார்கள். பைசா விலைப் பண்டம் ஒன்றின் மீதான வரியே சாம்ராஜ்யத்தை ஆட்டியது. 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலாயாவின் தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் அதில் சேர்ந்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி, ஜான்சி ராணி படையில் உயர்ந்த பொறுப்பு வகித்தார். நேதாஜியின் அரசாங்கத்து ஆலோசகர்களில் தமிழ் முஸ்லிமான கரீம் கனியும், பின்னர் 1946-இல் ம.இ.கா.வின் முதல் தலைவரான ஜான் திவியும் இருந்தார்கள்.

1947 ஆகஸ்டு 15-இல் இந்தியா விடுதலை பெற்றது. பிரிவினையும் உடன் வந்தது. கோடிக்கு மேற்பட்டோர் வீடு வாசல் இழந்தார்கள். பத்தாண்டு கழித்து 1957 ஆகஸ்டு 31-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. நம் பாட்டனார்கள் அப்போது ஒரு முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்புவதா, இந்நாட்டுக் குடிமக்களாக இங்கேயே நிற்பதா? நின்றவர்களின் பேரப்பிள்ளைகளே நாம்.

7. பேரேட்டைத் திறந்தபோது

மாதம் ஒன்று கழிந்தது. கிள்ளான் அன்பரின் புதிய கடைக்குச் சென்றோம். பேரேடுகள் பத்திரமாக இருந்தன. பையனை அழைத்து, "1957 ஆகஸ்டு மாதத்தை எடு" என்றோம். தூசி தட்டிப் புரட்டினான். மாதக் கடைசியில் கொடித்துணி விற்ற வரவு தொடர்ந்து ஐந்து நாள் எழுதப்பட்டிருந்தது. 31-ஆம் தேதிக்கு எதிரே "கடை அடைப்பு" என்று ஒரு சொல். பையன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தின் ஓரத்தில் மையால் வேறு சில வரிகள் இருந்தன. "இது குர்ஆன் எழுத்து மாதிரி இருக்கு. ஆனால் அரபு இல்லையே?" என்றான். அது அரபுத் தமிழ். சொல் தமிழ், எழுத்து அரபு. நம் முன்னோர் நூலும் கடிதமும் சொந்தக் குறிப்பும் எழுதிவந்த முறை. தந்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். இரண்டு வரி வந்தது. மூன்றாம் வரி வரவில்லை. "எங்க அத்தா இருந்தால் கடகடவென்று படிச்சிருப்பார்" என்றார் மெதுவாக.

அன்பர்களே, சிந்து வெளி எழுத்தைப் பற்றி முதலில் சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்த எழுத்து அவிந்து போக எத்தனை தலைமுறை ஆயிற்றோ தெரியாது. நம் வீட்டு எழுத்து மூன்றே தலைமுறையில் அவியும் நிலையில் இருக்கிறது. கடைக்காரனைப் பற்றி யார் எழுதுவார் என்று கேட்டாரே, கடைக்காரரேதான் எழுதி வைத்திருக்கிறார். நாம்தான் அதை நிறுத்துப் பழைய காகிதத்துக்குப் போடுகிறோம்.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. முதலாவது, பழைய பேரேடு, கப்பல் சீட்டு, குடியுரிமைப் பத்திரம், உண்டியல் ரசீது எதையும் பிள்ளைகளுக்குக் காட்டாமல் எறிய வேண்டாம். இரண்டாவது, அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இளைஞர் இருவருக்கேனும் கற்றுக்கொடுக்க வேண்டும். மூன்றாவது, வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள் சங்கத்தில் கொண்டுவந்து கொடுக்கலாம். ஓர் அலமாரி போதும். கடன்பட்டோர் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று எண்ணுவோர் அப்பக்கங்களைக் கட்டி முத்திரை வைத்துக் கொடுக்கட்டும். நம்பிக்கை காப்பதும் வியாபாரியின் கடமையே.

அந்தப் பையன் தன் கட்டுரையை முடித்துவிட்டான். அசோகரும் அக்பரும் அதில் இருக்கிறார்கள். கடைசிப் பத்தியில் அவன் பாட்டனாரும் இருக்கிறார்.

மாணவர்களுக்குச் சில வினாக்கள்

1. சிந்து வெளி மன்னர் எவர் பெயரும் தெரியாதபோது, அங்கே ஒழுங்கான வாணிபம் நடந்ததை எவ்வாறு அறிகிறோம்?

2. கொல்லம் செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்களிலிருந்து நாம் அறிவது யாது?

3. 1765-ஆம் ஆண்டுத் திவானி உரிமைக்கு முன்னும் பின்னும் கம்பெனி சரக்கு வாங்கிய முறையில் என்ன வேறுபாடு?

4. இப்னு பதூதா மதுரை சுல்தானைப் பற்றி எழுதியதிலிருந்து சரித்திர ஆசிரியருக்கு வேண்டிய பண்பு எது?

5. உங்கள் வீட்டிலோ கடையிலோ உள்ள மிகப் பழைய காகிதம் எது? அதன் ஆண்டு என்ன? அந்த ஆண்டில் இந்தியாவிலும் மலாயாவிலும் நடந்த ஒரு நிகழ்ச்சியை அதனோடு சேர்த்து ஒரு பக்கம் எழுதுக.

ஐந்தாம் வினாவுக்குரிய விடையைப் பாடநூலில் தேட வேண்டாம். அத்தாவிடமும் அம்மாவிடமும் கேளுங்கள். நன்றாக எழுதியவற்றை இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் வெளியிடுவோம்.